சீயக்காய் கொண்டுவந்த பாட்டு

ரொம்ப காலத்துக்கு முன்னால் அல்லியங்காடு என்ற நாட்டைக் கொற்றவேலன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனசுக்காரன்தான். ஆனால் நினைத்தது நினைத்த நேரத்தில் நடக்கவேண்டும். நடக்காவிட்டால் முகம் சுண்டிப்போகும்.

அவனுடைய அம்மா அங்கயற்கண்ணி நாச்சியார் காலமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவள் தினமும் கும்பிட்ட அம்மனுக்கு ராஜா ஒரு கோயில் கட்டினான். ஞாயிற்றுக்கிழமை கும்பாபிஷேகம். சின்ன வயதில் தன்னைக் குளிப்பாட்டும்போது அம்மா பாடிய பாட்டை அந்தக் கோயில் சுவரில் வெட்டிவைக்க அவனுக்கு ஆசை. கல்தச்சர் உளியோடு காத்திருக்கிறார். ராஜாவுக்கோ முதல் அடிக்கு மேல் ஞாபகம் வரவில்லை.

“‘ஒரு சொம்பு ஊத்தினா உச்சி குளிருது...’ அப்புறம்? அப்புறம் என்ன?” என்று சபையில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு புறங்கையால் தேய்த்தான்.

ஆஸ்தானப் புலவர் கீர்த்திவாசர் துள்ளி எழுந்தார். “அடியேனுக்குத் தெரியும் மகாராஜா! நாச்சியாரே பாடிக் காட்டியிருக்கிறார். ‘முத்துக் குடம் ஊத்தினா முல்லை மலருது, ரத்தினக் குடம் ஊத்தினா ராஜ்ஜியம் வணங்குது!’”

“அதுவாகத்தான் இருக்குமோ?” என்றான் ராஜா, சந்தேகமாக.

மந்திரி பூவராகருக்குப் பொறுக்கவில்லை. “இல்லை மகாராஜா. பிள்ளையைக் குளிப்பாட்டுகிற எந்தத் தாய் ராஜ்ஜியத்தைப் பற்றிப் பாடுவாள்?”

ராஜாவின் முகம் சுண்டியது. “அப்படியானால் நிஜப் பாட்டைச் சனிக்கிழமை காலைக்குள் நீர் கொண்டுவாரும். இல்லாவிட்டால் முத்திரை மோதிரத்தைப் புலவரிடம் கொடுத்துவிட்டு நாட்டை விட்டே போய்விடும்!”

“மோதிரம் என் விரலுக்குக் கொஞ்சம் தளரும்,” என்று கீர்த்திவாசர் கையை நீட்டிப் பார்த்தார். “பரவாயில்லை, நூல் சுற்றிக்கொள்கிறேன்.”

பூவராகர் வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். இருபத்தேழு வருஷம் மந்திரியாக இருந்த ஊர். பெருமாளே, இந்த வயதில் எங்கே போவது?

“அலமு, நம்ம பிள்ளைகளைக் குளிப்பாட்டும்போது ஒரு பாட்டுப் பாடுவியே, அதைச் சொல்லேன்,” என்றார் மனைவியிடம்.

அலமேலு இரண்டு வார்த்தை சொன்னாள், நின்றுபோனாள். “வரலையே! அதுகள் வளர்ந்து, கல்யாணமாகி, ஆளுக்கொரு ஊருக்குப் போய் எத்தனை வருஷமாச்சு. வெறும் வாயால சொன்னா எப்படி வரும்? கையில சொம்பு இருக்கணும்.”

சும்மா வேடிக்கைக்காக ஒரு காலிச் சொம்பை எடுத்துச் சாய்த்தாள். சாய்த்தாளோ இல்லையோ, பாட்டு முழுசும் கடகடவென்று வந்தது. முடிக்கும்போது அவள் கண் கலங்கியிருந்தது. “சின்னவன் என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டே நிப்பான், ஞாபகம் இருக்கா?”

அது நாச்சியார் பாட்டு இல்லை. ஆனாலும் பூவராகர் சிரித்தார். ராஜா எதற்காகக் கண்ணைத் தேய்த்தான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. “சாப்பாடு போடு. ரொம்பப் பசிக்குது.”

சனிக்கிழமை காலை. அரண்மனைக் கிணற்றடியில் ஒரு மணை, அண்டா நிறைய வெந்நீர், நல்லெண்ணெய், கரைத்த சீயக்காய்.

“பாட்டு எங்கே என்றால் குளிக்கக் கூப்பிடுகிறீரே?” என்றான் ராஜா. பட்டம் கட்டிய நாளிலிருந்து அவன் பன்னீரில்தான் குளிக்கிறான்.

“எண்ணெய் தேய்த்துக் குளித்தால்தான் பாட்டு வரும் மகாராஜா.”

“மந்திரிக்குப் புத்தி பேதலித்துவிட்டது,” என்றார் புலவர். வேடிக்கை பார்க்கிற ஆசையில், ராஜா கிரீடத்தைக் கழற்றிவிட்டு மணையில் உட்கார்ந்தான். பூவராகர் எண்ணெய் தடவி ஊறவைத்து, சீயக்காயை அள்ளித் தலையில் வைத்து, ஒரே இழுப்பாக நெற்றிவழியே கண்ணுக்குள் வழித்துவிட்டார்.

“ஐயோ! எரியுதே! அம்மா! எரியுதும்மா!”

“ராஜத் துரோகம்! பிடியுங்கள் இவரை!” என்று கீர்த்திவாசர் கத்தினார். சேவகர்கள் ஈட்டியோடு ஓடிவந்தார்கள். பூவராகர் பெருமாளை நினைத்துக்கொண்டு முதல் சொம்பை ஊற்றினார்.

“ஒரு சொம்பு ஊத்தினா உச்சி குளிருது...” ராஜாவின் வாய் தானாக முணுமுணுத்தது.

சேவகர்கள் நின்றுவிட்டார்கள். பூவராகர் அடுத்த சொம்பை ஊற்றினார்.

“ரெண்டு சொம்பு ஊத்தினா ரெட்டைச் சுழி சிரிக்குது...”

நனைந்த முடி விலக, ராஜாவின் உச்சியில் அழகாக இரண்டு சுழி! இத்தனை வருஷமும் கிரீடத்துக்குள் இருந்ததை யார் கண்டார்கள்?

“மூணு சொம்பு ஊத்தினா மூக்கு ஒழுகுது... நாலு சொம்பு ஊத்தினா நாலு தெருவுக்கும் கேக்குது...” அழுதுகொண்டே சிரித்தான் ராஜா. ஐந்தாவது சொம்பு ஊற்றியும் பாட்டு வரவில்லை. “இன்னும் ஒரு அடி இருக்கு பூவராகரே. வரமாட்டேங்குதே!”

பூவராகர் துண்டால் அவன் தலையைத் துவட்டினார். கிணற்றடிக்குப் பின்னால் பார்த்துத் தலையசைத்தார். அங்கே காத்திருந்த அலமேலு சாம்பிராணித் தட்டோடு வந்து ஈரத்தலைக்குப் புகை காட்டினாள்.

ராஜா ஒரு மூச்சு இழுத்தான். கண்ணைத் திறக்காமலே சொன்னான்:

“சாம்பிராணிப் புகையிலே சாமி வந்து நிக்குது... சாமி முகத்தைப் பார்த்தேன், எங்க சண்டிக்காரன் முகம்தான்.”

ஒரு சேவகன் ஈட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பூவராகர் மெதுவாகக் கேட்டார். “நூல் வாங்கிவிட்டீரா, புலவரே?”

கீர்த்திவாசர் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“புலவர் நாட்டை விட்டு எங்கேயும் போகவேண்டாம்,” என்றான் ராஜா. “நாளைக்குக் கோயிலில் அந்தப் பாட்டை ஜனங்கள் முன்னால் அவரே வாசிக்கட்டும். மூக்கு ஒழுகுது என்பதையும் விடாமல்.” பிறகு மந்திரியின் கையைப் பிடித்துக்கொண்டான். “மோதிரம் உம்முடையதுதான். வேறென்ன வேண்டும், கேளும்.”

“ஒன்றும் வேண்டாம் மகாராஜா. கண் இன்னும் எரிகிறதா?”

“எரியலை,” என்றான் ராஜா. ஆனாலும் மணையை விட்டு எழுந்திருக்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்து காட்டினான்.

“இன்னும் ஒரே ஒரு சொம்பு ஊத்தும்.”