கடுகு கூண்டுக்குச் சுக்கு வந்தது

ஒரு ஊர்ல ஒரு தையக்காரி, அவ வீட்டுல ஒரு கூண்டு, கூண்டுக்குள்ள ஒரு ஜெர்பில். ஜெர்பில்னா பாலைவனத்து எலி. உள்ளங்கை அளவுதான் இருக்கும். வால் முழுக்க மயிர், நுனியில ஒரு குஞ்சம். கேக்குறியா?

"ம்."

தையக்காரி பேரு பூமயில். ஜெர்பில் பேரு கடுகு, கன்னங்கரேல்னு இருக்கும். எள்ளுன்னு அதுக்கு ஒரு கூடப்பிறந்தது இருந்துச்சு, சீக்கு வந்து செத்துப்போச்சு. அன்னையிலேர்ந்து கடுகு சரியாத் தின்னல. ஒரு நாளைக்குப் பதினோரு சூரியகாந்தி விதை தின்னுட்டிருந்தது ஏழாச்சு, நாலாச்சு, அப்புறம் ரெண்டாச்சு. மூலையில முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கும். பூமயிலுக்கு மிஷின்ல கால் ஓடல. ஒரு ஜாக்கெட்டுக்கு ரெண்டு கையையும் இடது கையாவே தச்சு வச்சுட்டா.

அப்போ பிராணிக்கடை ஆசீர் அண்ணாச்சி சொன்னாரு. "இதுங்க கூட்டமா இருக்கிறதுங்க, தாயி. துணை இல்லேன்னா இப்படியே காஞ்சு போயிரும்." சொல்லிட்டு ஒரு சின்ன ஜெர்பிலை டப்பாவுல போட்டுக் குடுத்தாரு. அது சுக்கு நிறம், அதனால பேரும் சுக்கு. ரெண்டும் பொட்டை.

அண்ணாச்சி பேசி முடிக்கல, பூமயில் கிளம்பிட்டா. விறுவிறுன்னு வீட்டுக்கு வந்தா, கூண்டைத் திறந்தா, சுக்கை உள்ள விட்டா. "இந்தா கடுகு, உனக்குத் துணை"ன்னா.

கடுகு திரும்பிப் பாத்துச்சு. பின்னங்காலால தரையை அடிச்சுது. டொப் டொப் டொப்! அப்புறம் ஒரே பாய்ச்சல். கீச்! கீச்! ரெண்டும் பந்தாச் சுருண்டு உருளுதுங்க, எது கறுப்பு எது பழுப்புன்னே தெரியல. பூமயில் பதறிப்போய் ஒரு டம்ளரை டமார்னு கவுத்தா. எப்படியோ சுக்கு டம்ளருக்குள்ள, கடுகு வெளியில. சுக்கு காதுல ஒரு கடி, ரெண்டு சொட்டு ரத்தம்.

"ஐயோ."

ம், ஐயோதான். அவ சுக்கைத் தூக்கிட்டு ஓடினா. "அண்ணாச்சி, இதைத் திரும்ப வாங்கிக்கிடுங்க."

"நான் சொல்ல வந்ததைக் கேட்டியா நீ? கூண்டுக்கு நடுவுல கம்பி வலை கட்டு. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. காலையில, மத்தியானம், சாயங்காலம்னு மூணு தடவை பக்கத்தை மாத்தி விடு. அதோட வாசம் இதுக்குப் பழகணும், இதோட வாசம் அதுக்குப் பழகணும். ஏழு நாள்."

ஏழு நாளைக்கு இருபத்தியோரு தடவை. மாத்தி விடுறப்போ எல்லாம் துணி வெட்டுற சாக்கட்டியால சுவத்துல ஒரு கோடு போட்டா. ஏழாம் நாள் ரெண்டும் வலையை ஒட்டி, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமா முதுகு சாய்ச்சுப் படுத்துக்கிச்சுங்க. கடுகு அஞ்சு விதை தின்னுச்சு.

எட்டாம் நாள் வலையை எடுக்கணும். அன்னைக்குப் பாத்து வெள்ளிக்கிழமை. ஒரு உசுரு புதுசாக் குடிவர்ற வீடு குப்பையா இருக்கலாமா? பூமயில் கூண்டைத் தேய்ச்சுக் கழுவினா, மஞ்சத் தண்ணி தெளிச்சா, மரத்தூளைக் கொட்டிட்டுப் புதுசு போட்டா, சாம்பிராணி காட்டினா. அப்புறம் வலை இல்லாம ரெண்டையும் உள்ள விட்டா.

டொப் டொப் டொப்! கீச்! மறுபடியும் பந்து, மறுபடியும் டம்ளர். இந்தத் தடவை கடி கடுகு மூக்குல. அன்னைக்குக் கடுகு ஒரு விதைகூடத் தொடல.

ஆசீர் அண்ணாச்சி நேர்ல வந்து குனிஞ்சு மோந்து பாத்தாரு. "சாம்பிராணி போட்டியா?"

"வெள்ளிக்கிழமைல்லா, அண்ணாச்சி."

"அடிப்பாவி! வாசம்தான் இதுங்களுக்கு முகம். ஏழு நாளாச் சேத்த வாசத்தை ஒரே வாளித் தண்ணியில ஊத்திட்டியே! நாளைக்கு ஒண்ணுலேர்ந்து எண்ணு. கூண்டுல கை வைக்காதே."

"மூணாந்தடவையும் சண்டை போட்டா?"

"கடுகு அதுவரைக்கும் தாங்கணும்லா, அதைச் சொல்லு"ன்னாரு அண்ணாச்சி.

தூங்கிட்டியா?

"இல்ல. சொல்லு."

மறுபடி ஏழு நாள், மறுபடி இருபத்தியோரு கோடு. மூணாம் நாள் மரத்தூள் நமத்துப்போச்சு. அஞ்சாம் நாள் வாசல் வரைக்கும் வாடை. பக்கத்து வீட்டு செண்பகவடிவு மூக்கைப் பொத்திக்கிட்டு எட்டிப் பாத்தா. "ஏட்டி மயிலு, உன் வீட்டுல என்ன செத்துக் கிடக்கு?"

"சாகலக்கா, பழகுதுங்க."

"பழகுதா? நாறுதுட்டீ!"

ஏழாம் நாள் மறுபடி வெள்ளிக்கிழமை. பூமயிலுக்குக் கை பரபரங்குது. அடுப்படியை மூணு தடவை கழுவினா. கழுவின பாத்திரத்தையே எடுத்துத் திரும்பக் கழுவினா. கூண்டுப் பக்கம் போவா, வருவா, போவா, வருவா. ஆனா தொடல. அப்போ கடுகு மூணு விதைதான் தின்னுட்டிருந்துச்சு, எலும்பு தெரிஞ்சுது.

சனிக்கிழமை காலையில வலையை மெல்ல உருவினா. கையில டம்ளர் தயாரா இருக்கு.

கடுகு ஒரு எட்டு வச்சுது. சுக்கு ஒரு எட்டு வச்சுது. மூக்கும் மூக்கும் முட்டுச்சு. கடுகு காலால ஒரே ஒரு தடவை டொப்! பூமயில் டம்ளரைத் தூக்கிட்டா. அப்போ சுக்கு தலையைத் தாழ்த்திக் கடுகு தாடைக்கு அடியில நுழைஞ்சுது. நுழைஞ்சு, கடுகு மூக்குல இருந்த கடிக்காயத்தை நக்க ஆரம்பிச்சுது. கடுகு அப்படியே கண்ணை மூடிக்கிச்சு.

பூமயில் டம்ளரைக் கீழ வச்சா. ஆனாலும் நம்பிக்கை வரல. மிஷினை விட்டுட்டுக் கூண்டு முன்னாலயே உக்காந்திருந்தா. சுக்கு ஒரு அட்டைப்பெட்டியைக் கடிச்சுக் கிழிச்சுது, சரக் சரக். கடுகு கிழிசலை வாயில கவ்வி மூலைக்கு இழுத்துட்டுப் போச்சு. மத்தியானத்துக்குள்ள உருண்டையா ஒரு கூடு. விதையை எல்லாம் உள்ள தூக்கிட்டுப் போச்சுங்க. அப்புறம் சுக்கு உள்ள போச்சு, பின்னாலயே கடுகு போச்சு. போய், வாசலை உள்ளேர்ந்தே அட்டையை வச்சு அடைச்சிருச்சுங்க.

இப்போ பூமயில் எதைப் பாப்பா? ஒண்ணும் தெரியல. குனிஞ்சு காதை வச்சா.

நொறுக்... நொறுக்... உள்ள ரெண்டு வாய் மெல்லுது.

கதை கூட்டுக்குள்ள போயிருச்சு. நீயும் போர்வைக்குள்ள போ, கண்ணு.