சுழியன் வாசல் தாண்டியது

லிஸ்ப் என்று ஒரு ஊர். கணினிக்குள்ளே, அதே பெயருள்ள நிரல்மொழியில் இருந்தது. அந்த ஊரில் யார் எதைக் கேட்டாலும் பதில் ஓர் ஆளாக நடந்து வரும். வழியில் ஒரு வாசல். அங்கே நிற்பவர் இஃப் அண்ணாச்சி. 'ஆம்' என்கிற பதிலை வலப்பக்கத் தெருவுக்கும் 'இல்லை' என்கிற பதிலை இடப்பக்கத் தெருவுக்கும் அனுப்புவது அவர் வேலை.

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கேள்வி வந்தது. குழந்தை ஒன்றுக்கு அவசரமாக ரத்தம் வேண்டும். குளிர்பெட்டியில் அந்த வகை இருக்கிறதா? தேடப் போனவள் முதல் அறையிலேயே கண்டுவிட்டாள். அந்த ஊரில் அறைகளைப் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணுவார்கள். அதனால் பதிலாகப் பூஜ்யத்தையே அனுப்பினாள். அவன் பெயர் சுழியன்.

சுழியனுக்கு ஒரு பயம் இருந்தது. முன்பு அவன் பிழைத்த ஊரில் எந்த வாசலுக்குப் போனாலும், "பூஜ்யம்னா இல்லைன்னுதானே அர்த்தம், உன் இடம் அந்தப் பக்கம்" என்று இடப்பக்கத்தைக் காட்டி விரட்டுவார்கள். இங்கேயும் அப்படி நடந்தால், ரத்தம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் குழந்தைக்கு இல்லையென்று ஆகிவிடும்.

வழியில் மெய்யனைப் பார்த்தான். 'ஆம்' சொல்வதற்கென்றே பிறந்தவன் அவன்.

"எனக்குப் பதிலா நீ போயேன், மெய்யா. உன்னைப் பார்த்தா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

"போறேன். போய் இருக்குன்னு சொல்லுவேன். எந்த அறையிலன்னு கேட்டா?"

அறை எண் சுழியனிடம் மட்டும்தான் இருந்தது. தயங்கித் தயங்கி வாசலுக்கு வந்தான்.

"அண்ணாச்சி, நான் வெறும் சுழியன்தான். ஆனா ரத்தம் அங்க இருக்கு. என்னை இடப்பக்கம் அனுப்பிராதீங்க."

"நீ இல்லாயியா?"

"இல்லியே."

இல்லாயி வாசலோரம் உட்கார்ந்திருந்தாள். தேடியது கிடைக்காதபோது 'இல்லை' என்று போய்ச் சொல்ல வேண்டியவள் அவள்.

"பொறவு என்ன? வலப்பக்கம் போ. நான் இடப்பக்கம் அனுப்புறது அவ ஒருத்தியைத்தான்."

"நான் ஒண்ணுமே இல்லாதவன்னு எல்லாரும்..."

"ஒண்ணுமில்லாதவ நான் இங்க இருக்கேன்ல," என்றாள் இல்லாயி. குரலில் கோபம் இல்லை. "எனக்குப் போட்டியா வராத. ஓடு, பிள்ளை காத்துக் கெடக்கு."

சுழியன் ஓடினான். தெருவின் கடைசியில், திரையில் அவனைக் கண்டதும் நர்ஸ் செல்வராணி நேரே முதல் அறையைத் திறந்தாள். ரத்தப்பை கைக்கு வந்தது.

வாசலில் இல்லாயி காலை நீட்டிக்கொண்டாள்.

"இன்னிக்கு முழுக்க என்னை யாரும் கூப்பிடாம இருக்கட்டும், அண்ணாச்சி."