முதலாளி வைத்த பொட்டு

ஒட்டன்சத்திரம் பைபாஸில் பஞ்சவர்ணம் காற்றுப் பிடிக்கும் கடை வைத்திருந்தாள். கடை இருந்த இடம் அரிசி ஆலை முதலாளி வையாபுரிக்குச் சொந்தம். அவருடைய புது ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தால் இடுப்பு கழன்றுவிடும்போல் தூக்கிப் போட்டது. பழி டிரைவர் மாயன் மேல் விழுந்தது.

"காத்து வழக்கம்போல ஐம்பது வை" என்றார் வையாபுரி, கடை முன் நின்ற ஜீப்பை விட்டு இறங்காமல்.

"அதனாலதாங்க தூக்கிப் போடுது. தினசரி ஓட்டத்துக்கு ஐம்பது வேணாம்."

"டயர்லயே ஐம்பதுன்னு போட்டிருக்கான். கம்பெனிக்காரனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?"

"அது டயர் தாங்குற உச்சம்ங்க. ஸ்பீடு மீட்டர்லகூட இருநூறு வரைக்கும் போட்டிருக்கு. மாயன் அண்ணன் மார்க்கெட்டுக்குள்ள இருநூறுலயா போறாரு?"

மாயன் சிரிப்பை அடக்க இருமினான். முதலாளிக்கு முகம் சிவந்தது.

"எவ்வளவு வைக்கணும்னு எழுத்துல காட்டு. காட்டலைன்னா இன்னிக்கே கடையைக் காலி பண்ணு."

பஞ்சவர்ணம் ஈரத்துணியோடு போய் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தாள். கதவு வந்து மூடும் ஜீப்பின் சட்டத்தில், ஆயுத பூஜையன்று அப்பிய சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. இரண்டு துடைப்புதான். அடியில் கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கர் தெரிந்தது. நான்கு சக்கரத்துக்கும் முப்பத்து மூன்று என்றது.

"இங்க எவன்டா பொட்டு வெச்சது?" என்று பாய்ந்தார் முதலாளி.

"நீங்கதாங்க" என்றான் மாயன்.

முப்பத்து மூன்றோடு கிளம்பிய ஜீப்பில் வையாபுரி ஆலைவரை தூங்கிக்கொண்டே போனார். அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தவர், கடைசியில் மாயனைக் கூப்பிட்டார்.

"எங்க வைக்கலாம்னு பஞ்சவர்ணத்தைக் கேட்டுட்டு வா."