பன்னிரண்டு பச்சைக் கூடுகள்

வழக்கு சிறியது. நீதிமன்றம் வரை போகவில்லை. ஆனால் ஓசூரில் இதை வைத்து ஏழு நண்பர்கள் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாமல் இரண்டு மாதம் இருந்தார்கள். தீர்ப்புச் சொல்லும் ஆசை உள்ளவர்கள் அவசரப்படாமல் கேட்கவும்.

அந்த ஏழு பேரும் பட்டுப்புழு வளர்ப்பவர்கள். தொழிலுக்கு அல்ல, ஆசைக்கு. மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஒரு பூங்காவில் சந்தித்து, கூட்டுக்குக் கூடு மாற்றிக்கொள்வார்கள். காசு வாங்குவதில்லை. கூட்டுக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதை வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. அறிய வேண்டுமானால் கூட்டின் முனையை பிளேடால் கீறி, உள்ளே இருப்பதை வெளியே எடுத்து, வால்பக்கத்தை லென்ஸில் பார்த்து, திரும்ப வைத்து ஒட்ட வேண்டும். ஆகவே கொடுப்பவர் ‘ஆண்’, ‘பெண்’, ‘தெரியாது’ என்ற மூன்றில் ஒன்றைச் சொல்லித் தருவது அவர்களுடைய வழக்கம். ‘தெரியாது’ என்று தந்துவிட்டால் பிறகு கேள்வி கிடையாது.

ஏழு பேரில் பிலோமினா தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவர். ஒன்பது தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்து, வெளிர்பச்சையில் கூடு கட்டும் ஒரு வகையை உண்டாக்கியிருந்தார். அந்தப் பச்சை வேறு யாரிடமும் இல்லை. ஒரு ஞாயிறன்று, முதலில் கட்டி முடித்த பன்னிரண்டு கூடுகளைக் கொண்டுவந்து சோமசேகரிடம் நீட்டினார். கண்ணாடிக் கடை வைத்திருக்கும் சோமசேகர் அவருக்குப் பதினோரு வருடப் பழக்கம்.

“வச்சிரு சோமு. எல்லாத்தையும் ஒரே வீட்ல வைக்க எனக்குப் பயமா இருக்கு.”

“நம்பித் தர்றீங்க. நான் ஆம்லெட் போட்டுட்டா?”

“போட்டுப் பாரு. வனஜா உன்னை வாணலியிலயே போட்டு வறுத்துடுவா.”

வனஜா சோமசேகரின் மனைவி.

பிலோமினாவின் வீட்டில் மீதிப் புழுக்கள் இன்னும் இலை தின்றுகொண்டிருந்தன. புதன்கிழமை வந்த தங்கை வீட்டுக்காரர், அந்திக் கொசுவுக்குப் பயந்து சுருள் ஒன்றை ஏற்றிவைத்தார். பட்டுப்புழுவுக்கு அந்தப் புகை ஆகாது. வியாழன் காலை தட்டில் ஒன்றுகூட அசையவில்லை.

அன்றே பிலோமினா கண்ணாடிக் கடைக்குப் போனார். “எனக்கு எல்லாம் போச்சு. ஆறு கூடு கொடு, போதும்.”

சோமசேகர் தலையைச் சொறிந்தார். “எறும்பு புகுந்துடுச்சுக்கா. ரெண்டுதான் தப்பிச்சுது. ரெண்டையும் நீங்களே எடுத்துக்கங்க.”

“ஆணா, பெண்ணா?”

“தெரியாது.”

கடைசி இரண்டையும் தந்துவிட்டானே என்று பிலோமினாவுக்குக் கண் கலங்கியது. வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் இரண்டு கூடுகளின் முனையிலும் மெல்லிய கீறல் தெரிந்தது. பசை வைத்து ஒட்டியிருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டிலிருந்தும் பூச்சி வெளியே வந்தது. இரண்டும் பெண். ஆண் இல்லாமல் அவை இடும் முட்டை பொரியாது. அவற்றின் ஆயுளும் சில நாட்கள்தான்.

புதன்கிழமை காலை அவர் சோமசேகர் வீட்டுக்குப் போனார். சோமசேகர் கடைக்குப் போயிருந்தார். வனஜா உட்காரவைத்து, மோர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தார். இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், மூடியில் ஊசித் துளைகள் போட்ட ஒரு டப்பா இருந்தது.

“அது அவரோட பூச்சி டப்பாக்கா. உங்க பச்சைக் கூட்டுல வந்ததுதான், அஞ்சும் ஆண். மிச்ச அஞ்சு கூடும் பெண்ணாம், இன்னும் வெளிய வரலை. குளிர்ல வச்சா ஒரு வாரம் தாங்குமாம். உங்களுக்குத் தெரியாததா?”

“எறும்பு எதுவும் வரலியா?”

“எங்க வீட்லயா? எறும்பு வந்தா வழுக்கித்தான் விழும். நான் அப்படித் துடைச்சு வச்சிருக்கேன்.”

வாசலில் காஸ் சிலிண்டர் வந்தது. வனஜா எழுந்து போனார். அவர் கையெழுத்துப் போட்டுத் திரும்புவதற்குள் ஓர் ஆண் பூச்சி பிலோமினாவின் சாப்பாட்டு டப்பாவுக்குள் இருந்தது. மோரைக் குடித்துவிட்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வெள்ளைத் தாளில் முந்நூற்றுச் சொச்சம் முட்டைகள் விழுந்தன. எட்டாம் நாள் அவை நீலம் பூத்தன. உள்ளே உயிர் இருப்பதற்கு அதுதான் அடையாளம்.

மாத முறைக்குக் காத்திராமல் அந்த ஞாயிறே ஏழு பேரும் பூங்காவில் கூடினார்கள். சோமசேகர்தான் முதலில் பேசினார்.

“என் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து எடுத்துட்டுப் போயிருக்காங்க. இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு? அந்த முட்டைத்தாள் எனக்கு வரணும்.”

“எறும்பு தின்ன பூச்சியை எப்படி எடுக்க முடியும் சோமு?” என்றார் பிலோமினா.

“தெரியாதுன்னு சொல்லித்தான் கொடுத்தேன். அதுக்கு மேல கேள்வி கேக்கக் கூடாதுங்கறது நம்ம வழக்கம். அவங்களும் சேர்ந்து போட்ட வழக்கம்.”

“உனக்கு ஆண் பூச்சிதான் வேணும்னா என்கிட்டயே கேட்டிருக்கலாமே. எதுக்குப் பொய்?”

சோமசேகர் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “பச்சை வேணும்னா எல்லாரும் உங்க வீட்டுக்குத்தானே வர்றாங்க. ஒரு தடவை என் வீட்டுக்கு வரட்டுமேன்னு பார்த்தேன்.”

அன்று மாலை வனஜா பிலோமினாவுக்குப் போன் செய்தார். “நானும் உங்களுக்கு உடந்தைன்னு அவர் ஒரு வாரமா என்னோட பேசலை. கேட்டிருந்தா நானே எடுத்துக் கொடுத்திருப்பேனேக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

முட்டைத்தாள் யாருக்குச் சேர வேண்டும்? இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: முட்டைத்தாள் பிலோமினாவுக்கே. அவர் கொடுத்தபோது சொன்னது ‘வச்சிரு’. ‘வச்சுக்கோ’ அல்ல. முன்னது அடைக்கலம், பின்னதுதான் தானம். அடைக்கலப் பொருள் கைமாறியதே தவிர, உரிமை மாறவில்லை. ‘தெரியாது’ என்ற சொல்லும் சோமசேகரைக் காப்பாற்றாது. கீறிப் பார்த்தவருக்கு அந்தச் சொல்லில் பங்கில்லை. ஆனால் யார் செய்தது சரி என்ற கேள்விக்குப் பிலோமினாவின் பெயரைச் சொன்னவர்கள் தோற்றார்கள். தன் பொருளைத்தான் எடுத்தார். ஆனால் தன்னிடம் உண்மை பேசிய ஒரே ஆளின் முதுகுக்குப் பின்னால் எடுத்தார். சரியாக நடந்தவர் வனஜா மட்டுமே. முட்டைகள் பொரிந்த பிறகு பிலோமினா இரண்டு முறை அந்த வீட்டுக்குப் போய் அழைப்புமணியை அடித்தார். உள்ளே மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை.