தட்டாமல் வந்த வீட்டுக்காரர்

மாடியில் இருந்த ஹவுஸ் ஓனர் தணிகாசலம் கீழ்வீட்டுக் கதவைத் தட்டவே மாட்டார். குழாயைப் பார்க்கிறேன், சுவரைப் பார்க்கிறேன் என்று நேராக உள்ளே வந்துவிடுவார். அங்கே வாடகைக்கு இருந்த செண்பகத்தால் கைக்குழந்தைக்கு நிம்மதியாகப் பால் கொடுக்க முடியவில்லை.

அன்றைக்கும் வந்தார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "தட்டிட்டு வாங்க சார்" என்றாள்.

"நான் வீட்டுக்காரன்! எதுக்குத் தட்டணும்?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

செண்பகம் வாசலுக்கு வந்து, மாடியில் நின்ற அவர் மனைவியைக் கூப்பிட்டாள். "அக்கா, என் வீட்டுக்காரர் காலையிலயே வேலைக்குப் போயிட்டாரு. இப்ப சாரும் நான்தான் வீட்டுக்காரன்னு உள்ள நிக்கிறாரு. நான் என்னக்கா செய்ய?"

அந்தம்மா தோசைக் கரண்டியோடு இறங்கி வந்தார்.

மறுநாள் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"யாரு?"

"வீட்டு..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, "மாடிவீட்டு அண்ணன்மா" என்றார்.

"பாப்பா பால் குடிக்குது. அப்புறமா வாங்கண்ணே."