இரண்டளவு மருந்து

வெள்ளாரங்காட்டு ஜமீனில் வேட்டைத் துப்பாக்கிக்குக் கருமருந்து கெட்டிக்கிற வேலை மாசானத்துக்கு. கெட்டித்தவனே முதல் வேட்டுப் போட்டுக் காட்ட வேண்டும் என்பது அங்கே வழக்கம். போன வருசம் அப்படிப் போட்டபோது குழல் பிளந்து அவன் அண்ணன் செத்தான். "ஒரு அளவு போடுற இடத்துல அவனாவே ரெண்டளவு போட்டுட்டான். மருந்தளவெல்லாம் எனக்கென்ன தெரியும்?" என்று ஊர் முன்னால் கைகழுவினார் ஜமீன்தார்.

இந்த வருசம் விருந்தாளிகள் சூழ நின்றுகொண்டு, அண்ணனுக்கு இட்ட அதே உத்தரவைத் தம்பிக்கும் இட்டார். "குண்டு அந்தக் கரட்டுக் குன்று வரைக்கும் போகணும். ரெண்டளவு போடுடா."

மாசானம் கெட்டித்து முடித்துத் துப்பாக்கியை அவரிடமே நீட்டினான். "இவ்வளவு பெரிய மனுசங்க வந்திருக்காங்க. முதல் வேட்டு எசமான் கையாலயே ஆகட்டும்."

ஜமீன்தார் சட்டென்று பின்வாங்கினார். "ரெண்டளவுக்குக் குழல் தாங்காதுடா. வெடிச்சா மூஞ்சி போயிடும்."

விருந்தாளிகள் அவரையே பார்த்தார்கள்.

"எசமானுக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு" என்ற மாசானம், துப்பாக்கியை வானத்துக்குத் தூக்கிச் சுட்டான். குழலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஒரு அளவுதான் போட்டேங்க. ரெண்டளவு போட்டுச் சாக எங்க வீட்டுல இனி ஆம்பள இல்ல."