பந்தலில் ஏறிய முல்லை

காட்டுநாவலூரில் ஒச்சப்பன், சடையாண்டி, தவசி என்று அண்ணன் தம்பிகள் மூவர் இருந்தார்கள். சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். ஊருக்கு அதுதான் பயம்.

கடைக்குட்டி தவசிக்கு வெள்ளைத்தாயியைப் பேசினார்கள். பெண்ணின் அத்தை பேச்சியம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள்: "எங்க பிள்ளைக்கு முல்லைன்னா உசிரு. ஆவணிக்குள்ள உங்க வாசப் பந்தல்ல முல்லை ஏறியிருக்கணும். இல்லேன்னா வேற மாப்பிள்ளை பாத்துக்கிறோம்."

தவசிக்குச் சோறு இறங்கவில்லை. மூவரும் ஓடிப்போய் ஒரு முல்லைக் கன்று வாங்கினார்கள். விற்றவர் சொன்னார்: "காலையும் சாயங்காலமும் தண்ணி காட்டுங்க. கொடி வீசினதும் ஒரு கொம்பு காட்டுங்க. பிறகு பந்தல்ல ஏத்தி விட்டாப் போதும்."

மறுநாளிலிருந்து ஒச்சப்பன் குடம் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கன்றுக்கு நேரே தூக்கிக் காட்டினான். "நல்லாப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, சிந்தாமல் திருப்பிக் கொண்டுபோனான். பக்கத்து வீட்டுக்காரி பாத்திரம் கழுவிய தண்ணீரை வேலிக்கு இந்தப் பக்கம் வீசுகிறவள். கன்று பிழைத்துக்கொண்டது.

"அண்ணன் காட்டுற காட்டுல எப்படித் தழையுது பாரு!" என்றான் சடையாண்டி.

கொடி வீசியது. இனிக் கொம்பு காட்டவேண்டும்.

"ஆட்டுக் கொம்பா, மாட்டுக் கொம்பா?" என்று கேட்டான் தவசி.

ஒச்சப்பன் வெகுநேரம் யோசித்தான். "கல்யாண காரியம். பெருசாவே காட்டுவோம்."

வீட்டுக் காளையைப் பிடித்துவந்து கொடி முன்னால் நிறுத்தினார்கள். காளை மரியாதையாகத் தலை குனிந்தது. நிமிர்ந்தபோது கொடி இல்லை. வேரும் இல்லை.

தவசி அழுதேவிட்டான். "நாளைக்கு அத்தை பாக்க வருதே, அண்ணே!"

"ஏன்டா அழுவுற?" என்றான் ஒச்சப்பன். "கொடி எங்கயும் போயிடல. காளைக்குள்ளதான் இருக்கு. பந்தல்ல ஏத்துறதுதான் பாக்கி."

"காளையோடயா?"

"பிரிச்சு ஏத்த நேரமில்ல."

விடிந்ததும் காளையின் வயிற்றில் வடக்கயிற்றைக் கட்டி, கல்தூண் பந்தலின் உத்தரத்துக்கு மேலே போட்டு, கை வழுக்காமல் இருக்க மறுமுனையை மூவரும் இடுப்பில் கட்டிக்கொண்டு இழுத்தார்கள்.

காளை மிரண்டு வயலைப் பார்த்து ஓடியது. மூவரும் சரசரவென்று மேலேறிப் பந்தலில் சிக்கிக்கொண்டார்கள். கயிறு அறுந்தது. காளை போயே போய்விட்டது.

அந்நேரம் பார்த்துப் பேச்சியம்மாள் வந்தாள், கூடவே வெள்ளைத்தாயி. பேச்சியம்மாள் அண்ணாந்து பார்த்தாள். "முல்லை எங்கப்பா?"

வெள்ளைத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒச்சப்பன் வயல்பக்கம் பார்த்தான். பிறகு இரண்டு தம்பிகளையும் பார்த்தான்.

"ஏறியாச்சு அத்தே," என்றான் பணிவாக. "ஒரு மழை பெய்யட்டும், பூத்துருவோம்."